அடுத்த போர் போடும் முன்பு

எரியோடு

எரியோட்டிலும் சுற்றுப்பட்டிகளிலும் தோட்டம் வைத்துப் பிழைக்கிற அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும்,

வேடசந்தூர் ரோட்டில் மறுபடியும் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிகள் வரிசை கட்டி ஓட ஆரம்பித்துவிட்டன. கிணறு வற்றி, ஏற்கெனவே போட்ட போரும் காற்றைக் கக்க ஆரம்பித்தால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் பீரோ திறக்கும். தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் கூட்டுறவு வங்கிக்கோ அடகுக் கடைக்கோ போகும். அந்தப் பணத்தில் திருச்செங்கோட்டு வண்டிக்கு அட்வான்ஸ். ஒரே ராத்திரியில் வீட்டுப் பெண்களின் பல வருடச் சேமிப்பு ஆறரை இஞ்ச் துளை வழியாகப் பூமிக்குள் இறங்கிவிடும். தங்கம் கிடைக்கும் என்று மண்ணைத் தோண்டியவர்கள் உலகம் முழுக்க உண்டு. நாம் தங்கத்தைக் கொடுத்து மண்ணைத் தோண்டுகிறோம்.

அதனால் இந்த மடலைத் தங்கம் தேடினவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். எங்கே தோண்டுவது, எதுவரை தோண்டுவது, எப்போது கையை உதறிவிட்டு ஏறி வருவது என்று அவர்கள் பட்ட பாடு நமக்கும் பொருந்தும். நான் பல வருடம் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவன். இப்போது முருங்கையும் கொஞ்சம் தென்னையும் வைத்திருக்கிறேன். லிவரைப் பிடித்து நின்ற இடத்திலிருந்தும் பணம் கட்டுகிற இடத்திலிருந்தும் பார்த்ததால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நீலகிரி மாவட்டத்தில் கூடலூருக்கு அந்தப்பக்கம் தேவாலா, பந்தலூர் என்று ஊர்கள் இருக்கின்றன. இன்றைக்குத் தேயிலைக் காடு. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு அங்கே ஒரு தங்க வெறி பிடித்தது. அந்தப் பக்கத்து மலைச் சனங்கள் ஓடை மணலை மரத்தட்டில் அலசிக் குன்றிமணி அளவில் தங்கம் எடுப்பது வழக்கமாக இருந்தது. அதை மோப்பம் பிடித்து வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பாறையை உடைக்க ஆரம்பித்தார்கள். 1879இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் என்ற சுரங்க நிபுணரை வைத்து அரசாங்கம் அந்த மலையை ஆராய்ந்தது. 1880இல் அவர் அறிக்கை வந்தது. அதிலிருந்த மாதிரிக் கற்களின் கணக்கைப் பார்த்து லண்டனில் கம்பெனிமேல் கம்பெனியாக முளைத்தது. பல லட்சம் பவுண்டு பங்குப் பணம் திரண்டது. இயந்திரங்கள் மலையேறின, வீடுகள் எழுந்தன. இரண்டு மூன்று வருடத்துக்குள் எல்லாம் படுத்துவிட்டது. பாறையை டன் கணக்கில் அரைத்துப் பார்த்தபோது, மாதிரிக் கல் காட்டிய தங்கத்தில் ஒரு சின்னப் பங்குதான் தேறியது. மாதிரி என்று எடுத்தவை கண்ணுக்கு நன்றாகப் பட்ட கற்கள். கண்ணுக்குப் படாத பாறையையும் சேர்த்துத்தான் இயந்திரம் அரைத்தாக வேண்டும். அந்தக் கணக்கை யாரும் போடவில்லை.

அந்தப் பழைய சுரங்கங்கள் இன்னும் அங்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. அனுமதியில்லாமல் அதற்குள் இறங்கி, கைச்சுத்தியலால் வெள்ளைக்கல்லை உடைத்து, வீட்டில் அரைத்து, பாதரசம் போட்டு ஒரு பொட்டுத் தங்கம் எடுக்கிறவர்கள் இந்தக் காலத்திலும் உண்டு. மண் சரிந்தும் மூச்சு முட்டியும் செத்தவர்கள் உண்டு. இன்னும் ரெண்டடி போனால் தங்க ரேகை கிடைக்கும் என்ற நினைப்பில்தான் அவர்கள் ஒவ்வொரு முறையும் இறங்குகிறார்கள்.

தேவாலாவில் தங்க வெறி பிடித்த அதே காலத்தில் கோலாரில் நடந்ததைப் பாருங்கள். வடஆற்காட்டுச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வேலை பார்த்த அதே கே.ஜி.எஃப். 1802இல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, அங்கே கிராமத்து ஆட்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1871இல் மைக்கேல் லாவெல் என்ற பழைய சிப்பாய் பெங்களூரிலிருந்து வந்து இடத்தைத் தேடிப் பார்த்தார். கொஞ்ச காலத்தில் அங்கும் லண்டன் கம்பெனிகள் வந்தன. முதல் சில வருடங்களில் அங்கும் கதை தேவாலா மாதிரியேதான் போனது. 1880இல் தொடங்கிய மைசூர் கம்பெனி நாலைந்து வருடத்துக்குள் கையிருப்பைப் பெரும்பாலும் கரைத்துவிட்டது. கடையைக் கட்டிவிட்டு மிச்சப் பணத்தையாவது பிரித்துக்கொள்ளலாம் என்று பங்குக்காரர்களில் பலர் கேட்டார்கள். நிர்வாகம் பார்த்த ஜான் டெய்லர் கம்பெனிக்காரர்கள் கெஞ்சிக் கேட்டு மிச்சப் பணத்தையும் போட வைத்தார்கள். கேப்டன் பிளம்மர் என்பவர் வேலையைப் பொறுப்பெடுத்தார். அவர் புதுசாக ஒரு மூலையைத் தேடிப் போகவில்லை. பழங்காலத்து ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகள் அங்கே வரிசையாகக் கிடந்தன. அந்தக் குழிகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் விட்ட இடத்துக்குக் கீழே போனார். சாம்பியன் ரேகை என்று பின்னால் பேர்பெற்ற தங்கப் பாறை அங்கேதான் இருந்தது. அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் அதை வெட்டினார்கள்.

இந்த இரண்டு கதையையும் ஒன்றாக வைத்து யாராவது பேசினால், 'பாத்தீங்களா, விடாம தோண்டினவனுக்குக் கிடைச்சது' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது தப்பான பாடம். விடாமல் தோண்டியவர்கள் தேவாலாவிலும் இருந்தார்கள். கோலாரில் பிளம்மர் தொடர்ந்து தோண்டியதற்குக் கையில் காரணம் இருந்தது. வெடி இல்லாத காலத்தில் தீ மூட்டிப் பாறையைச் சுட்டு, கையால் உடைத்து அவ்வளவு ஆழம் இறங்கியவர்கள் சும்மா இறங்கியிருக்க மாட்டார்கள். அந்தக் குழிகள் அவருக்குச் சாட்சி. தேவாலாக்காரர்களிடம் இருந்தது பொறுக்கி எடுத்த நல்ல கல்லும் ஆசையும். எங்கே தொடர்வது என்று நாம் முடிவெடுக்கும்போது கையில் என்ன சாட்சி வைத்திருக்கிறோம்? இந்த மடலில் நான் கேட்க நினைக்கும் கேள்வி இது ஒன்றுதான்.

நம் பாறைக்கு வருகிறேன். ரங்கமலையிலிருந்து அய்யலூர் வரைக்கும் நம் காலுக்குக் கீழே இருப்பது கெட்டிப் பாறை. பூமிக்கடியில் ஆறு ஓடுகிறது, அதன் 'ஓட்டத்தை'ப் பிடித்துவிட்டால் தீராது என்று நினைக்கிறோம். நம் பக்கம் அப்படி ஆறு எதுவும் ஓடவில்லை. மேலே மண், அதன் கீழே சரளை, சுக்காம்பாறை, மக்கிய பாறை. மழைத் தண்ணீர் அதில்தான் ஊறி நிற்கும். நம் தாத்தாக்கள் வெட்டிய கமலைக் கிணறுகளெல்லாம் இந்த மக்கிய பாறையின் தண்ணீரை நம்பியவை. அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் அங்கங்கே வெடிப்புகள். மேலே ஊறியது அந்த வெடிப்பு வழியாக இறங்கி அதற்குள் தேங்கி நிற்கிறது. போர் அந்த வெடிப்பில் ஒன்றைத் தொட்டால் தண்ணீர். ரெண்டடி தள்ளி இறங்கினால் புழுதி. பக்கத்துத் தோட்டத்தில் ரெண்டு இஞ்ச் அடித்திருக்க, நம் தோட்டத்தில் புகை கிளம்புவதற்குக் காரணம் இதுதான். நம் விதியையோ ராசியையோ நொந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை.

கோலாரில் மூணு கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனார்களே, நாம் ஆயிரத்து ஐநூறு அடி போனால் என்ன என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. தங்க ரேகை கீழே போகப் போகத் தொடர்ந்தது, அதனால் அவர்களும் தொடர்ந்தார்கள். வெடிப்பு அப்படித் தொடராது. மேலே இருக்கிற பாறையின் பாரம் கீழே போகப் போக அதை இறுக்கி மூடுகிறது. முதல் முந்நூறு அடிக்குள் கிடைக்கிற அளவுக்கு வெடிப்புகள் அதற்கடுத்த முந்நூறில் கிடைக்காது. அதற்கும் கீழே இன்னும் குறைவு. ஆனால் வண்டிக்காரர் ரேட்டு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். முதல் முந்நூறு அடிக்கு ஒரு விலை, அதற்குப் பிறகு நூறடிக்கு நூறடி கூடிக்கொண்டே போகும். கிடைக்கிற வாய்ப்பு குறையக் குறைய நாம் அடிக்கு அதிகம் கொடுக்கிறோம். தங்கம் தேடுகிற எவனும் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ள மாட்டான். தங்கமே இருந்தும், டன்னுக்குக் கிராம் குறைந்து செலவு மிஞ்சியதால்தான் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கோலார்ச் சுரங்கத்தை மூடினார்கள்.

ஆயிரம் அடியில் தண்ணீர் எடுத்தவர்கள் நம் பக்கம் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களிடம் போனால் எத்தனை இஞ்ச் என்று கேட்காதீர்கள். ரெண்டு கோடை தாண்டி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஆழத்து வெடிப்பில் கிடப்பது காலம் காலமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிச் சேர்ந்தது. எடுத்த வேகத்தில் அது திரும்பச் சேராது. பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரில் ஃப்ளோரைடும் ஏறியிருக்கும். நம் மாவட்டத்தில் பல ஊர்த் தண்ணீரில் இந்தக் கேடு இருக்கிறது. குழந்தைகளின் பல்லில் மஞ்சள் கறை படிந்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எந்த இடத்தில் போடுவது என்பதற்கு நம்மிடம் இருப்பவர் நீரோட்டம் பார்க்கிறவர். உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நிற்கிறது, வேப்பங்கவை வளைகிறது. இவர்களில் பலர் நல்ல மனிதர்கள், ஏமாற்றுகிற எண்ணம் இல்லாதவர்கள். அவர்கள் கையில் உண்மையாகவே ஏதோ அசைகிறது. ஆனால் அந்த அசைவுக்கும் கீழே இருக்கிற தண்ணீருக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மியூனிக் பக்கத்தில் 1987, 1988 வருடங்களில் ஒரு களஞ்சியக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை வண்டியில் வைத்து இடம் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். ஐந்நூறு பேரில் தேர்ந்தெடுத்த நாற்பத்து மூன்று கைராசிக்காரர்கள் மாடியில் நடந்து, குழாய் எங்கே இருக்கிறது என்று சொன்னார்கள். அந்தக் கணக்கைப் பின்னால் ஒருவர் அலசிப் பார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அதே அளவுதான் தேறியிருக்கும் என்று தெரிந்தது.

அதே நேரத்தில், வயதான நீரோட்டக்காரர்களிடம் வேறொரு அறிவு இருக்கிறது. எந்தப் பக்கம் புற்று இருக்கிறது, கோடையிலும் எந்த மரம் பச்சை மாறாமல் நிற்கிறது, வெள்ளைக்கல் எந்தத் திசையில் ஓடுகிறது, நிலம் எங்கே பள்ளம் வாங்குகிறது என்று அவர்கள் நடக்கும்போதே பார்த்துவிடுகிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கென்று ஓர் அத்தியாயமே வைத்து மரத்தையும் புற்றையும் அடையாளம் சொன்னார். அந்த அறிவை மதித்துக் கேளுங்கள். தேங்காயை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, 'ஐயா, இந்த இடத்தை ஏன் சொல்றீங்க?' என்று கேளுங்கள். காரணம் சொல்கிறவருக்குக் கொடுக்கிற கூலி வீண் போகாது.

மீட்டர் வைத்துப் பார்ப்பதும் உண்டு. நாலு கம்பியை வரிசையாக மண்ணில் அடித்து, வெளிக்கம்பி ரெண்டில் மின்சாரம் விட்டு, உள்கம்பி ரெண்டுக்கு நடுவே எவ்வளவு வருகிறது என்று அளப்பார்கள். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க இன்னும் ஆழம் தெரியும். கெட்டிப் பாறை மின்சாரத்தைத் தடுக்கும், ஈரப்பாறை விடும். வேளாண் பொறியியல் துறையிடம் கேட்டால் குறைந்த கட்டணத்தில் பார்த்துத் தருவார்கள். மக்கிய பாறை எவ்வளவு கனம், கெட்டிப் பாறை எத்தனை அடியில் தொடங்குகிறது என்பதை அது ஓரளவு நன்றாகவே சொல்லும். களிமண்ணும் உப்புத் தண்ணீரும் மீட்டரை ஏமாற்றும். மெல்லிய வெடிப்பு எண்ணூறு அடியில் இருக்கிறது, அதில் ரெண்டரை இஞ்ச் வரும் என்று சொல்கிற மீட்டர் உலகத்திலேயே கிடையாது. அப்படிச் சொல்லி ஆயிரக்கணக்கில் பீஸ் கேட்கிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் நின்ற ராத்திரி அது.

வண்டி பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வந்து சேரும். கம்ப்ரஸர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. சத்தீஸ்கர்ப் பக்கத்துப் பையன்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ராடைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பார்கள். ஒரு ராடு இருபது அடி. துளைவாயிலிருந்து பொடி பீறிட்டு வரும். முருங்கை இலையெல்லாம் வெள்ளையாகிவிடும். பந்தக்கால் மாதிரி நாலு பேர் அசையாமல் நிற்பார்கள். மாமன், மச்சான், பங்காளி, நீரோட்டம் பார்த்தவர். இருநூறு அடியில் லேசாக ஈரம் தட்டும், எல்லார் முகமும் மாறும். பிறகு மறுபடியும் உலர் பொடி. நானூறு. ஐநூறு. அறுநூற்றைம்பதில் சூப்பர்வைசர் வந்து காதருகே கத்துவார்: 'அண்ணே, இன்னும் ஒரு ராடு விடவா?'

யாராலும் வேண்டாம் என்று சொல்ல முடியாத கேள்வி அது. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இதோடு விட்டால் போட்டதெல்லாம் போச்சு. அடுத்த அடியிலேயே தண்ணி இருந்தால்? மச்சான் தலையாட்டுவார். நீரோட்டம் பார்த்தவர் இன்னும் அம்பதுக்குள்ள இருக்கு என்பார். அந்த நேரத்தில் 'விடு' என்று சொல்கிற வாய், உறக்கமில்லாமல் பயத்தில் நிற்கிற மனிதனின் வாய். போன பணம் போனதுதான், அடுத்த ராடு அதைத் திருப்பித் தராது. அடுத்த ராடுக்கான முடிவை அந்த ராடின் விலையையும் அதில் தண்ணீர் இருக்கிற வாய்ப்பையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் கம்ப்ரஸர் அடியில் நின்றுகொண்டு எந்த மனிதனாலும் இந்தக் கணக்கைப் போட முடியாது. டிரில்லர் இடத்தில் நின்ற எனக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆகவே அந்த முடிவைப் பகலிலேயே, வண்டி வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். உங்கள் தோட்டத்தைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கிற போர்களில் பெரும்பாலானவை எத்தனை அடிக்குள் தண்ணீரைத் தொட்டன என்று விசாரியுங்கள். அதன்மேல் நூறடி சேருங்கள். அதுதான் உங்கள் எல்லை. அதை ஒரு தாளில் எழுதி, யாருடைய நகை அடகுக்குப் போகிறதோ அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்த அடி வந்ததும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருடையது. அம்மாவோ, மனைவியோ, கல்யாணத்துக்கு நகை சேர்த்து வைத்த மகளோ, யாராக இருந்தாலும் அந்த ராத்திரியில் அவர்களை வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு ஆம்பளைகள் மட்டும் முடிவெடுப்பது நியாயமே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊரில் எத்தனையோ போர் ஐநூறு அடியிலேயே நின்றிருக்கும், அவர்களைக் கேட்டிருந்தால்.

எல்லைக்குள் இறங்கும்போது பொடியைப் பாருங்கள். ராடுக்கு ஒரு பிடி எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அடியை எழுதி வரிசையாக வையுங்கள். ஒரே மாதிரிக் கருநீலப் பொடி, உலர்ந்து, மாவு மாதிரி ராடுமேல் ராடாக வந்தால் அது உடையாத பாறை. துருச்சிவப்பு ஏறிய சில்லு வந்தால் தண்ணீர் எப்போதோ அந்த வழியே போயிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளைக்கல் சில்லு கலந்து வந்தாலும், ராடு திடீரென்று வழுக்கி இறங்கினாலும் அங்கே பாறை உடைந்திருக்கிறது. எல்லை வந்தபோது கடைசி ரெண்டு ராடில் இந்தச் சாட்சி ஏதாவது இருந்தால், இன்னும் ரெண்டு ராடு விட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. நூறடியாக உலர்ந்த கருநீலப் பொடி மட்டுமே வந்திருந்தால் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் அடித்துவிட்டாலும் அன்றைக்கே கடா வெட்ட வேண்டாம். காற்று தள்ளி மேலே வருவது வெடிப்பில் தேங்கிக் கிடந்தது. ராத்திரி ரெண்டு இஞ்ச் என்றது மோட்டார் இறக்கிய மாதத்திலேயே அரை இஞ்சாகிவிடும். நாலைந்து மணி நேரம் இடைவிடாமல் ஓட்டி, இருநூறு லிட்டர் டிரம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று மணிக்கொரு தரம் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எத்தனை ஏக்கர், என்ன வெள்ளாமை என்று முடிவு செய்யலாம்.

புகைந்துபோன போருக்குப் பிறகு நடப்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. மறுநாளே இருபது அடி தள்ளி அடுத்த பாயிண்ட். அதே பாறை, அதே மேடு, அதே ஆள் சொன்ன இடம். முதல் துளை ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது, அதைக் கேட்காமலேயே ரெண்டாவதைப் போடுகிறோம். இடம் மாற்றுவதென்றால் நிலத்தின் அமைப்பே மாறுகிற இடத்துக்குப் போக வேண்டும். ஓடைக்கரை, குளத்துக்கரையின் கீழ்ப்பக்கம், கருங்கல் சுவர் மாதிரி பாறை நிலத்துக்குள் குறுக்கே ஓடினால் தண்ணீர் வந்து முட்டி நிற்கிற மேற்பக்கம். இதில் எதுவும் உங்கள் ரெண்டு ஏக்கருக்குள் இல்லையென்றால், அந்த ரெண்டு ஏக்கரில் தோண்ட வேண்டிய இடமே இல்லை என்பதுதான் பதில். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் நகை வீட்டில் இருக்கும்.

அதற்காகத் தோட்டத்தைத் தரிசு போடச் சொல்லவில்லை. நம் தாத்தாக்கள் காலத்தில் பங்குக் கிணறு இருந்தது. நாலு பங்காளி ஒரு கிணற்றில் முறை வைத்து இறைத்தார்கள். சண்டையும் வந்தது, தண்ணீரும் வந்தது. நல்ல வெடிப்பு இருக்கிற இடத்தில் மூணு தோட்டத்துக்காரர் சேர்ந்து ஒரு போர் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்து, எழுத்தில் முறை வைத்துக்கொண்டால், மூணு துளையின் செலவு ஒன்றில் முடியும். பக்கத்துப் பக்கத்தில் மூணு போர் போட்டால் ஒன்றின் தண்ணீரைத்தான் இன்னொன்று உறிஞ்சும். வற்றிக் கிடக்கிற பெரிய கிணற்றில் குப்பையைக் கொட்டுவதை நிறுத்திவிட்டு, பக்கத்து ஓடையின் மழைத் தண்ணீரை மணல், ஜல்லித் தொட்டி வழியாக வடிகட்டி அதற்குள் விடுங்கள். மக்கிய பாறை குடித்துக்கொள்ளும். பண்ணைக்குட்டைக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் கேட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் நம் பிழைப்பு, அந்த ரெண்டு மாதத் தண்ணீர் குடகனாற்றில் ஓடிப்போவதற்கு முன்பு நம் நிலத்தில் எவ்வளவு நின்றது என்பதைப் பொறுத்துத்தான் சித்திரையில் போர் பேசும்.

காலிப் போரைத் திறந்து போடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் ரெண்டு வயதுக் குழந்தை கைவிட்ட துளையில் விழுந்ததும், நாலு நாள் ஊரே தூங்காமல் கிடந்தும் உயிரோடு மீட்க முடியாமல் போனதும் நமக்கு டி.வி.யில் பார்த்த செய்தி மட்டும் இல்லை. அது நம் பக்கத்து ஊர். உச்ச நீதிமன்றம் 2010இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. போர் போடும் முன்பு தகவல் கொடுக்க வேண்டும், வேலை நடக்கிற இடத்தைச் சுற்றி வேலி போட வேண்டும், கைவிட்ட துளையைக் கீழிருந்து மேல் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். கேசிங் பைப்பை உருவி விற்றுவிட்டு மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடுகிற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. இந்த வாரமே உங்கள் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

கடைசியாக என் வேண்டுகோள். நம் ஊரில் தண்ணீர் அடித்த போரைப் பற்றி டீக்கடையில் எல்லாரும் பேசுகிறோம். புகைந்த போரைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. கௌரவம் போய்விடும் என்று மறைக்கிறோம். அதனால் அடுத்தவர் கண்ணில் படுவதெல்லாம் நல்ல போர் மட்டும், தேவாலாவில் லண்டன்காரர்கள் கண்ணில் நல்ல கல் மட்டும் பட்டதைப் போல. காலிக் குழியும் சேர்ந்தால்தான் கணக்கு முழுசாகும். எரியோட்டுக்கும் சுற்றுப்பட்டிகளுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு போருக்கும் ஒரு பக்கம். எழுத வேண்டியது: தோட்டம் எந்தப் பக்கம், சர்வே நம்பர், போட்ட வருடம், மொத்தம் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி, எந்த அடியில் ஈரம் தட்டியது, எந்த அடியில் தண்ணீர் அடித்தது, அன்றைக்கு எத்தனை இஞ்ச், இன்றைக்கு எத்தனை இஞ்ச், எப்போது வற்றியது. பேர் எழுத வேண்டியதில்லை. கடன் கணக்கு எழுத வேண்டியதில்லை. புது போர் போட நினைக்கிற யாரும் வந்து புரட்டிப் பார்க்கலாம், கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் போரின் விவரத்தைப் புரட்டாசி முடிவதற்குள் கொண்டுவந்து கொடுங்கள். புகைந்த போரின் கணக்கைத்தான் நான் முதலில் எழுதப் போகிறேன். போர் போட்டவருக்கு வரக் கூச்சமாக இருந்தால் வீட்டுப் பெண்கள் வாருங்கள். எத்தனை அடி போனது என்று உங்களுக்கு மறந்திருக்காது.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்